‘ஆஃப் ரோடு’ என்று எழுதி ஒட்டினால் போதுமா?

மே மாதம் பிறந்தால் ஆஸ்திரேலியாவின் வடக்கில் மழை ஓய்ந்து, மூடிக் கிடந்த சாலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தெற்கே குளிர் ஆரம்பிக்கும். ஓய்வுபெற்றவர்கள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டியான கேரவனை மாட்டிக்கொண்டு டார்வின், ககாடு, கிம்பர்லி என்று கிளம்புகிற காலம் இது. நம் தமிழ்க் குடும்பங்களும் இப்போது நிறையவே போகிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பயணத்துக்கு வாங்கியதையும் வாங்கப்போவதையும் பற்றியவை. கடிதங்களைச் சுருக்கியே தந்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 82,000 டாலர் கொடுத்துப் புதுக் கேரவன் வாங்கினோம். இரண்டு பக்கமும் ‘ஆஃப் ரோடு’, அதாவது கரடுமுரடான பாதைக்கும் ஏற்றது என்று பெரிதாக எழுதியிருக்கிறது. கிம்பர்லியின் கிப் ரிவர் சாலையில் மூன்றாம் நாள் சமையல் அலமாரி சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. தண்ணீர்த் தொட்டியின் தாங்கி உடைந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேஸியிலும் விரிசல் என்று குனனுரா ஊர் மெக்கானிக் சொல்கிறார். விற்றவரோ, “மண் சாலைக்கு உத்தரவாதம் கிடையாது, அட்டையிலேயே போட்டிருக்கிறது. பிரிஸ்பேனுக்குக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம்” என்கிறார். — பிரிஸ்பேன்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பல வருடங்களாக என் மனதை அறுக்கிற விஷயம் இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விற்றவர் காட்டுகிற அட்டை அவராக எழுதிக்கொண்டது. அதற்கு மேலே ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் இருக்கிறது. 2011 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடப்பில் உள்ளது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும், இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி வாங்கியிருந்தால் அந்த வேலைக்கு உதவ வேண்டும். இந்த மூன்றையும் எந்த அட்டையாலும் அழிக்க முடியாது. வண்டியின் பக்கவாட்டில் ஒரு அடி உயரத்துக்கு ‘ஆஃப் ரோடு’ என்று எழுதியதும் விவரிப்புதான். பெரிய எழுத்தில் ஆசை காட்டிவிட்டு, சின்ன எழுத்தில் கையை விரிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

கிப் ரிவர் சாலை சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சரளைக்கல்லும். அலை அலையாக மேடுபள்ளம் விழுந்து, ஒவ்வொரு திருகாணியையும் ஆட்டிப் பார்த்துவிடும். ‘ஆஃப் ரோடு’ என்ற பெயரில் வண்டி விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? அந்தச் சாலையின் படத்தைப் போட்டுத்தானே விளம்பரமே செய்கிறார்கள்! நுகர்வோர் ஆணையம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். அதன் கணக்கெடுப்பில் பதில் சொன்ன புதுக் கேரவன் உரிமையாளர்களில் 80 சதவீதம் பேர் ஏதாவது ஒரு கோளாறைச் சந்தித்திருக்கிறார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. சேஸி விரிசல் பெரும் குறைபாடு என்று நிலைநாட்டினால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று வண்டி கேட்பதா, பழுது பார்க்கச் சொல்வதா என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள், அவர் அல்ல. சின்னச் சின்னக் குறைகள் பல சேர்ந்தாலும் பெரும் குறைபாடாகக் கருத இடமுண்டு. “தயாரிப்பாளரிடம் போய்க் கேளுங்கள்” என்று விற்றவர் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பிக் கொண்டுபோக அதிகம் செலவாகும் பொருளை விற்றவரே தன் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குனனுராவிலிருந்து பிரிஸ்பேனுக்கு இழுத்து வருவது அப்படிப்பட்ட செலவுதான். விரிசல் விட்ட சேஸியோடு நீங்கள் ஓட்டி வரவே கூடாது. இழுவைச் செலவு, விடுதி வாடகை ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். எதிர்பார்க்கக்கூடிய நஷ்டமாக இருந்தால் அதையும் கேட்கலாம்.

அவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்: “வேகமாக ஓட்டியிருப்பீர்கள், டயரில் காற்றைக் குறைத்திருக்க மாட்டீர்கள்.” அதனால் குனனுரா மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வெல்டிங் பலவீனமா, அதிக எடையா, என்ன காரணம் என்று அவர் தெளிவாக எழுத வேண்டும். பிறகு மின்னஞ்சலில் கோரிக்கை வையுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். மறுத்தால் குயின்ஸ்லாந்தின் கியூகேட் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமலே நீங்கள் மனுப் போடலாம். உங்கள் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டும் ஐயா. விட்டுவிடாதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்கு: பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “இந்தக் கேரவனை கிப் ரிவர் சாலையில் இழுத்துச் செல்லப்போகிறோம். தாங்குமா?” என்று இரண்டே வரி. பதில் எழுத்தில் வரட்டும். பதிலே வரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: ஜனவரியில் ஃபோர் வீல் டிரைவ் வாடகை மிகக் குறைவாக இருக்கிறது. கிப் ரிவர் போக முன்பதிவு செய்யலாமா? — சிட்னி

பதில்: வேண்டாம். ஜனவரியில் அந்தச் சாலை மூடிக் கிடக்கும்.

கேள்வி: டார்வினில் வண்டி வாடகைக்கு எடுத்தோம். ‘முழுக் காப்பீடு’ என்று கூடுதல் பணமும் கட்டினோம். இரவு எட்டு மணிக்கு கேத்தரின் அருகே வாலபி என்கிற சின்னக் கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்தது. இப்போது 7,400 டாலர் கட்டச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தை நாங்கள் படிக்கவில்லை. — மெல்பர்ன்

பதில்: படிக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். வடக்கில் வண்டி வாடகைக்கு விடுகிற பல நிறுவனங்கள், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு இல்லை என்று போட்டிருக்கும். மண் சாலை, வண்டியின் அடிப்பாகம், தண்ணீரில் இறங்கிய சேதம் ஆகியவற்றுக்கும் அநேகமாக இல்லை. ‘முழு’ என்ற சொல்லை நம்பி இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்திருக்கலாம். இந்தக் கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

ஆனாலும் கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். பழுதுக்கான தனித்தனிக் கணக்கையும் படங்களையும் கேளுங்கள். உண்மையான நஷ்டத்துக்கு மேல் வசூலிக்கும் விதி நியாயமற்றதாகக் கருதப்படலாம். நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு 2023 நவம்பர் 9 முதல் அபராதமும் உண்டு. இரவில் ஓட்டக் கூடாது என்பதை வண்டி தரும்போது வாயால் சொன்னார்களா, எங்கே எழுதியிருந்தது என்றும் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு பழைய மோட்டார்ஹோம் பார்த்தோம். விற்பவர் டவுன்ஸ்வில்லில் இருப்பதாகச் சொன்னார். வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று அவசரப்படுத்தியதால் 3,000 டாலர் முன்பணம் அனுப்பினோம். கணவரின் ஓட்டுநர் உரிமப் படத்தையும் கேட்டு வாங்கினார். இப்போது போனை எடுப்பதில்லை. பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. — அடிலெய்டு

பதில்: அம்மா, கூச்சப்பட வேண்டியவர் அந்த ஆள். உங்கள் பணத்தைத் திருடியவர் அவர்தானே. முதலில் வங்கிக்குப் பேசுங்கள், இந்த நிமிடமே. பரிவர்த்தனையைத் திரும்பப் பெற முயலச் சொல்லுங்கள். அப்புறம் அரசின் மோசடிப் புகார் தளங்களான ஸ்கேம்வாட்ச், ரிப்போர்ட்சைபர் இரண்டிலும் புகார் பதியுங்கள். உரிமப் படம் போயிருப்பதால் ஐடிகேர் என்ற இலவச உதவி அமைப்பையும் அழையுங்கள். உங்கள் பெயரில் கடன் வாங்காமல் தடுக்க என்ன செய்வது என்று சொல்லித் தருவார்கள். பிள்ளைகளிடமும் இன்றே சொல்லுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

வாங்கப்போகிற மற்றவர்களுக்கு: வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். பி.பி.எஸ்.ஆர். அரசுப் பதிவேட்டில் 2 டாலர் கட்டிச் சோதித்தால், வண்டி மேல் கடன் பாக்கி உண்டா, திருட்டு வண்டியா என்று தெரிந்துவிடும். நானும் 2016-ல் ஒரு தனி ஆளிடம் பழைய கேரவன் வாங்கி 18,500 டாலரில் அடி வாங்கியவள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தது. கேட்கத் தோன்றவில்லை. முதல் மழையில் சுவர்ப் பலகை கையோடு வந்தது. அடியில் முழுக்க மக்கல். தனி ஆளிடம் வாங்கினால் தரத்துக்கான சட்ட உத்தரவாதம் கிடையாது, அதனால் எனக்குக் கேட்க வழியே இல்லாமல் போனது. ஈரம் அளக்கிற கருவியோடு ஒருவரை அழைத்துப்போய்ப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் ஃபிரிட்ஜ் மலிவாக வருகிறதே, வாங்கலாமா? — பெர்த்

பதில்: உள்ளே மருந்து வைப்பீர்கள் என்றால் மலிவானது வேண்டாம். மட்டரங்கா முகாமில் வெயில் 37 டிகிரி அடித்த நாளில் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. என் கணவரின் இன்சுலின் முழுக்க வீணானது. நூறு கிலோமீட்டருக்கு மேல் கேத்தரினுக்குத் திரும்பிப் போய் வாங்கினோம். அந்த மதியத்தை நான் மறக்கவே மாட்டேன். எந்த வெளி வெப்பம் வரை குளிர்ச்சி தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருக்காவிட்டால் கடையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: கேரவனின் வெறும் எடை 2,050 கிலோ, அனுமதித்த மொத்த எடை 2,500. அரிசி மூட்டை, கிரைண்டர், இரண்டு சைக்கிள், ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றிவிட்டோம். 450 கிலோ தாராளம்தானே? — மெல்பர்ன்

பதில்: இல்லை. 95 லிட்டர் தொட்டிகள் இரண்டை நிரப்பினாலே 190 கிலோ போய்விடும். கேஸ் சிலிண்டர், கூடாரத் துணி, கூடுதல் பேட்டரி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அளவுக்கு மீறியிருந்தால் போலீஸ் அபராதம் ஒரு பக்கம், விபத்தில் காப்பீடு மறுக்கப்படும் ஆபத்து இன்னொரு பக்கம். கிரைண்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மலிவான சிம் ஒன்று டெல்ஸ்ட்ரா வலையில் இயங்குகிறது என்கிறார்கள். அவுட்பேக்குக்குப் போதுமா? ஊரிலிருந்து வரும் அப்பாவும் அம்மாவும் எங்களோடு வருகிறார்கள். — கான்பரா

பதில்: மறுவிற்பனை செய்கிற பல நிறுவனங்களுக்கு டெல்ஸ்ட்ரா தன் முழு வலையைத் தருவதில்லை, அதைவிடச் சிறியதைத்தான் தருகிறது. ‘முழு வலையா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். விளம்பரத்தில் வரும் சதவீதம் மக்கள்தொகைக் கணக்கு. ஆள் இல்லாத நிலத்துக்கு அது எதுவும் சொல்லாது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் இரண்டும் 2024 அக்டோபர் 28-ல் 3ஜி-யை நிறுத்தத் தொடங்கின. அதன் பிறகு, அவசர அழைப்பை 4ஜி-யில் எடுத்துச் செல்ல முடியாத போன்களுக்கு இணைப்பே கிடைப்பதில்லை. அப்பாவின் போனைக் கிளம்புமுன் சோதித்துவிடுங்கள்.

முழு வலை எடுத்தாலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கோடு காட்டாது. பி.எல்.பி. என்கிற கைக்கு அடக்கமான அவசர சமிக்ஞைக் கருவி வாங்குங்கள். மாதச் சந்தா கிடையாது. கடல்பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவில் இலவசமாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான். இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு இந்தியாவோடு ஒப்பந்தம் இல்லை. அதனால் பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை நிற்காது.

கேள்வி: வடக்குப் பிரதேச பூங்கா அனுமதி இணையத்தில் வாங்கிவிட்டோம். ககாடுவுக்கும் அதுவே போதுமா? — சிட்னி

பதில்: போதாது. அது லிட்ச்ஃபீல்டு, நிட்மிலுக் போன்றவற்றுக்கு. ககாடுவும் உலுருவும் மத்திய அரசுப் பூங்காக்கள், அவற்றுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: குனனுரா வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிறோம். கறிவேப்பிலை, தேன், முருங்கைக்காய் எல்லாம் டார்வின் சந்தையில் நிறைய வாங்கிவிட்டேன். எடுத்துப் போகலாமா? — டார்வினிலிருந்து

பதில்: எல்லைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள், அம்மா. பழம், காய்கறி, தேன் மூன்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. சொல்லாமல் மறைத்தால் அபராதமும் வரும். எல்லைக்கு முந்தைய முகாமில் இரவே சாம்பார் வைத்து, பக்கத்துக் கேரவன்காரர்களையும் கூப்பிட்டுப் போட்டுவிடுங்கள். தேனை அவர்களில் கிழக்கே திரும்புகிறவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடலாம்.