ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சுப் பட்டை: விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

கேள்வி: இணையத்தில் தனிநபர் ஒருவரிடம் 280 வெள்ளிக்கு ஒரு கேனன் ஏஇ-1 ஃபிலிம் கேமரா வாங்கினேன். "எல்லாம் நன்றாக வேலை செய்கிறது" என்று அவர் குறுஞ்செய்தியில் உறுதி சொல்லியிருந்தார். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால், 36 படங்களில் பாதிக்கு மேல் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை விழுந்திருக்கிறது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தமும் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார். நான் என்ன செய்யலாம்? (வாசகி, ஈசூன்)

பதில்: குறை இன்னதென்று தெரிந்துகொண்டு பிறகு சட்டத்துக்கு வருவோம். நீங்கள் எவ்வளவு கேட்பது நியாயம் என்பது அதைப் பொறுத்தே அமையும்.

கேமராவின் பின்கதவு பொருந்தும் பள்ளங்களில் ஒளி புகாமலிருக்க மெல்லிய நுரைப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்கும். 1976இல் விற்பனைக்கு வந்த மாடல் இது. அந்த நுரை மாற்றப்படாமலே இருந்தால், இத்தனை ஆண்டுகளில் அது தாரைப்போல் பிசுபிசுக்கும், அல்லது தொட்டாலே உதிரும். அவ்வழியே நுழையும் ஒளி ஃபிலிமின் முதுகுப் பக்கத்தில் படுகிறது. வண்ண நெகட்டிவில் சிவப்பொளியை உணரும் அடுக்கு அந்தப் பக்கத்துக்கு அருகில் இருப்பதால்தான் பட்டை ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ தெரிகிறது. உறுதி செய்துகொள்ள, ஸ்கேன் செய்த படங்களோடு நின்றுவிடாமல் நெகட்டிவையும் கடையிலிருந்து கேட்டு வாங்குங்கள். கறை படத்தின் எல்லையைத் தாண்டி, இரு படங்களுக்கு நடுவிலும் ஓரத் துளைகள் வரையிலும் படர்ந்திருந்தால் குறை கதவில்தான், லென்ஸில் அல்ல. பட்டை இல்லாமல் படத்தின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் 1/1000 வினாடி வேகத்தில் எடுத்தவற்றில் மட்டும் இருண்டிருந்தால், ஃபிலிமின் முன் திறந்து மூடும் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே சீராக ஓடவில்லை என்று பொருள். அது கூடுதல் செலவு வைக்கும் பழுது.

கீச்சொலி இந்த மாடலுக்குப் பேர்போனது. உள்ளே ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடியை இயக்கும் பல்சக்கரங்களில் எண்ணெய் வறண்டுபோனதால் வருவது. பழுதுபார்ப்பவர் உரிய இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கும். வீட்டிலிருக்கும் துருநீக்கித் தெளிப்பானை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

இனி சட்டம். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும், சிங்கப்பூரில் பேச்சு வழக்கில் 'லெமன் சட்டம்' எனப்படும் விதிகள் 1 செப்டம்பர் 2012 முதல் நடப்பில் உள்ளன. பொருளை வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கியபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். பயன்படுத்திய பொருளுக்கும் இது பொருந்தும் என்றாலும், அதன் வயதும் விலையும் கணக்கில் கொள்ளப்படும். ஆனால் இந்த விதிகள் வர்த்தகரிடம் வாங்குபவருக்கே உரியவை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் உள்ள ஒரு கேமராக் கடையில் வாங்கியிருந்தால், முதலில் பழுதுபார்த்துத் தரும்படி கேட்டிருக்கலாம். தனிநபரிடம் வாங்கிய உங்களுக்கு அந்த வழி இல்லை.

உங்கள் கையில் இருப்பது அந்தக் குறுஞ்செய்தி. நன்றாக வேலை செய்கிறது என்று எழுதி விற்றவர், வயதைக் காட்டித் தப்பிக்க முடியாது. அந்தச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடலாம். வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். எனினும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முழுப் பணத்தைக் கேட்கமாட்டேன். நுரை மாற்றுவதும் எண்ணெய் இடுவதும் இத்தனை வயதான எந்தக் கேமராவுக்கும் வரக்கூடிய பராமரிப்பு. பழுதுபார்ப்பவரிடம் எழுத்தில் விலை வாங்கி, அந்தத் தொகையை விற்றவரிடம் கேளுங்கள். பெரும்பாலோர் அதற்கு இணங்குவார்கள். ஷட்டர் திரையும் கோளாறு என்று தெரியவந்தால், அப்போது கேமராவைத் திருப்பிக் கொடுப்பதாகப் பேசுங்கள்.

கேள்வி: தாத்தாவின் மினோல்டா எஸ்ஆர்-டி 101 என்னிடம் வந்திருக்கிறது. அதற்குரிய 1.35 வோல்ட் பேட்டரி எங்குமே கிடைக்கவில்லை. அதே அளவில் வரும் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போடலாமா? (வாசகர், ஜூரோங்)

பதில்: போட்டால் கேமராவுக்குக் கேடில்லை, ஒளிமானி மட்டும் பொய் சொல்லும். அந்தப் பழைய பேட்டரி பாதரசத்தால் ஆனது, தீரும்வரை 1.35 வோல்ட்டில் நிலையாக நிற்கும் என்று நம்பி ஒளிமானியை வடிவமைத்தார்கள். பாதரசம் நஞ்சு என்பதால் அவ்வகைப் பேட்டரிகளின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆல்கலைனோ 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், ஆகவே இன்று ஒரு கணக்கு வைத்துத் திருத்தினாலும் அடுத்த மாதம் அது செல்லாது.

மருந்துக் கடையில் காதுகேள் கருவிக்கென்று விற்கும் 675 எண் துத்தநாகக் காற்றுப் பேட்டரியை வாங்குங்கள். சுமார் 1.4 வோல்ட் தரும், நிலையாகவும் நிற்கும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டுச் செலவாகத் தொடங்கிவிடும். ஓரிரு மாதம் தாங்கினால் நல்லது, விலை குறைவு என்பதால் அது பெரிய குறையில்லை. உங்கள் கேமராவின் ஷட்டர் முழுக்க இயந்திர அமைப்பு; முதல் கேள்வியில் வந்த ஏஇ-1 பேட்டரி இல்லாவிட்டால் அசையாது, உங்களுடையதோ பேட்டரியே இல்லாமல் எல்லா வேகத்திலும் இயங்கும்.

கேள்வி: லென்ஸுக்குள் சிலந்திவலை போல் ஏதோ தெரிகிறது. வாங்கலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: வேண்டாம். அது பூஞ்சை. கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு போகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், சுத்தம் செய்யும்வரை மற்ற லென்ஸ்களோடு ஒரே ஈரநீக்கிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்தப் பெட்டியின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.