அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் வந்தால்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. இயற்கணித வீட்டுப்பாடத்தில் ஸ்டெப் எல்லாம் எழுதுகிறான், விடைதான் தப்பாக வருகிறது. 3அ − 2(அ − 5) = 40 என்ற கணக்குக்கு, அ = 50 என்று போட்டிருக்கிறான். போனில் படம் எடுத்தால் விடை சொல்லும் ஆப்பைப் பார்க்க விடலாமா?

பதில்: புத்தகத்தில் எக்ஸ் வரும் இடத்தில் அ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த எழுத்தானாலும் சரிதான், நானும் அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் மகன் −2(அ − 5) என்பதை −2அ − 10 என்று பிரித்திருக்கிறான். என்னிடம் ட்யூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். விதியை மனப்பாடம் செய்யச் சொல்லாமல் அவனை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு மனதால் கூட்டிப்போங்கள். ஒரு கைக்குட்டை அ ரூபாய். மூன்று வாங்கப் பணம் எடுத்துப் போகிறீர்கள், அது 3அ. பேரம் பேசியதில் ஒன்றுக்கு 5 ரூபாய் குறைகிறது. இரண்டு மட்டும் வாங்குகிறீர்கள். கொடுப்பது 2(அ − 5). மீதி 40 ரூபாய். கடைக்காரர் குறைத்த 10 ரூபாய் யாரிடம் இருக்கிறது? உங்கள் கையில்தானே! அதனால்தான் அது +10.

3அ − 2அ + 10 = 40
அ + 10 = 40
அ = 30

பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628ஆம் ஆண்டிலேயே குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லித்தான் இந்த விதிகளை எழுதினார். பிள்ளைகளுக்குக் காசுக் கணக்காகச் சொன்னால் சட்டென்று பிடிபடுவதில் ஆச்சரியமில்லை.

கடைசி வரியில் "10 அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஆகும்" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கமும் 10 கழிக்கிறோம், அவ்வளவுதான். இது புரியாத பிள்ளை பின்னக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். அ/2 + அ/3 = 10 என்றால் இடது பக்கத்தை 6ஆல் பெருக்கிவிட்டு வலது பக்கத்தில் 10ஐ அப்படியே விட்டுவிடும். அங்கேயும் 6ஆல் பெருக்கினால் 3அ + 2அ = 60, அ = 12.

அப்புறம், விடையை முதல் வரியில் போட்டுப் பார்க்கும் பழக்கம். 50ஐப் போட்டால் 150 − 90 = 60, 40 வரவில்லை. 30ஐப் போட்டால் 90 − 50 = 40. ரஃப் நோட்டில் அரை நிமிட வேலை. (அ + 3)² = அ² + 9 என்று எழுதும் பிள்ளையையும் இப்படித்தான் திருத்துவேன். அ = 1 என்று போடச் சொன்னால் ஒரு பக்கம் 16, இன்னொரு பக்கம் 10. விட்டுப்போன 6அ எங்கே என்று அவர்களே தேடுவார்கள்.

ஆப்பைப் பார்க்க விடலாம், ஆனால் அவன் முழுக்கப் போட்டு முடித்த பிறகு. விடையை ஒப்பிட வேண்டாம். அவன் எழுதிய ஸ்டெப்பையும் ஆப் காட்டும் ஸ்டெப்பையும் பக்கத்தில் வைத்து, எந்த வரியில் பிரிகிறது என்று பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் அந்த வட்டங்களைப் பாருங்கள். எல்லாம் அடைப்புக்குறி பிரிக்கும் வரியிலேயே விழுந்தால் அதை மட்டும் தினம் ஐந்து கணக்கு போடவைத்தால் போதும்.