பெட்டி வராத கப்பல் பயணம்

கேள்வி: அக்கா, நீங்கள் கரீபியன் கப்பல் பயணம் போய்வந்ததாகக் கோவிலில் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அடுத்த வருஷம் போகலாமா என்று யோசிக்கிறோம். கொரோனா சமயத்தில் கப்பலுக்குள் மாட்டிக்கொண்டவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. நம்பிப் பணம் கட்டலாமா?
– வாசகி, பீனிக்ஸ், டர்பன்

பதில்: கட்டலாம். ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஒரே பயணத்துக்கு மூன்று தடவை பெட்டி கட்டியவள் நான்.

முதல் தடவை 2020 ஏப்ரல். சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். மார்ச் 14 அன்று அமெரிக்காவில் பயணிகள் கப்பல் எதுவும் கிளம்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. 26 நள்ளிரவிலிருந்து நம் தென்னாப்பிரிக்காவிலும் லாக்டவுன். பணத்தைத் திருப்பித் தரட்டுமா, இல்லை அடுத்த பயணத்துக்கு 125 சதவீதம் கிரெடிட்டாக வைத்துக்கொள்கிறீர்களா என்று கப்பல் கம்பெனி கேட்டது. ஆசை யாரை விட்டது? கிரெடிட் என்றேன். அதற்குக் கெடு தேதி உண்டு என்பதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன். உங்களுக்கு அப்படி ஒரு நிலைமை வந்தால் பணத்தையே வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை 2021 டிசம்பர். நவம்பர் 25 அன்று நம் விஞ்ஞானிகள் புது வகை வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். மறுநாள் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தாயிற்று. 29 அன்று அமெரிக்கா நமக்குக் கதவைச் சாத்திவிட்டது. திருடனைக் காட்டிக்கொடுத்தவன் வீட்டுக்குப் பூட்டு! டிசம்பர் 31 அன்று தடையை நீக்கினார்கள்; எங்கள் கப்பல் அதற்குள் போயே போய்விட்டது. அது கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் பன்னி சௌ, அதாவது நடுவைக் குடைந்து பீன்ஸ் கறி அடைத்த ரொட்டி, வாங்கி வந்து, பால்கனியில் நாற்காலி போட்டு, "வா, இதுதான் டெக்" என்றார். நான் போகவில்லை. கோபம்.

கெஞ்சிக் கூத்தாடிக் கெடுவை நீட்டி வாங்கி, 2023 ஜனவரியில் ஒருவழியாகப் போனோம். அப்போது வெளிநாட்டார் அமெரிக்காவுக்கு விமானம் ஏறத் தடுப்பூசிச் சான்று வேண்டியிருந்தது. அந்த வருஷம் மே மாதத்தோடு அதுவும் போயிற்று.

கேள்வி: விமானத்தில் பெட்டி தொலைந்தால் கப்பல் காத்திருக்குமா?
– வாசகர், டோங்காட்

பதில்: காத்திருக்காது. நம் பெட்டிக்கு மட்டுமல்ல, நமக்கே காத்திருக்காது. அதனால்தான் இரண்டு நாள் முன்னதாகவே கப்பல் கிளம்பும் மயாமிக்குப் போய்ச் சேருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து அட்லாண்டா ஏறக்குறைய பதினாறு மணி நேரம். அங்கே நாமே பெட்டியை எடுத்து மயாமி விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். பெல்ட்டில் யாருடையதோ ஒரு பச்சைப் பெட்டி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. எங்கள் பெட்டி ஜோஹன்னஸ்பர்க்கை விட்டே கிளம்பவில்லை. இருவர் துணியையும் ஒரே பெட்டியில் வைத்தது என் கெட்டிக்காரத்தனம்.

அப்புறம் என்ன, கைப்பையில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம்: மாத்திரைகள், விபூதி டப்பா, ஒரு பட்டுப் புடவை. அவருக்குக் கப்பல் கடையில் கிளி படம் போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். குளியலறைச் சுவரில் ஒரு சின்ன வட்ட டப்பா இருக்கும். இழுத்தால் மெல்லிய கொடி வரும். ராத்திரி துவைத்துப் போட்டால், காலையில் கிளிகளின் வால் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கும்.

விமான நிலையத்திலேயே புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்கள். கப்பலின் பெயர், எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்ற பட்டியலையும் கொடுங்கள். வாங்கிய பொருளுக்கெல்லாம் ரசீது வையுங்கள். பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்டால்தான் நஷ்டஈடு. செயின்ட் மார்ட்டின் தீவில் மாஹோ கடற்கரைக்கு மேலே, தலையைத் தொடுகிற மாதிரி விமானங்கள் இறங்கும். அங்கே எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்தார்கள், நான் மட்டும் ஒவ்வொரு விமானத்தையும், "இதில் இருக்குமோ?" என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் கேபின் வாசலில் பெட்டி நின்றது. சக்கரம் ஒன்று இல்லை.

கேள்வி: காவடி விரதம் இருக்கும் நாளில் கப்பலில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– வாசகி, மெரிபேங்க்

பதில்: எங்கள் பயணத்தின் கடைசி நாட்களும் அந்த வருஷத் தைப்பூச விரதத்தில்தான் வந்தன. முதல் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் முட்டையும் கூடாது என்று விளக்கமாகச் சொன்னேன். கோவாக்காரர், புரிந்துகொண்டார். தினமும் பருப்பும் சோறும் வந்தது. உப்பு மட்டும் கம்மி.

கேள்வி: அமெரிக்க விசா கட்டாயமா? நாங்கள் தீவுகளுக்குத்தானே போகிறோம்?
– வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்

பதில்: மயாமியில் ஏறினால் கட்டாயம். அதிலும் பல முறை நுழையும் விசாவாக இருக்க வேண்டும். கப்பல் திரும்பி வந்து நிற்பதும் அங்கேதான். அப்புறம், கப்பல் டாக்டர் சும்மா பார்க்க மாட்டார், பில் கேபின் கணக்கில் ஏறிவிடும். பயணக் காப்பீட்டில் அது அடங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பார்த்ததில் எந்த இடம் பிடித்தது?
– மாணவன், சாட்ஸ்வொர்த்

பதில்: எனக்குக் கடல். உன் தாத்தா வயதுக்காரரான என் வீட்டுக்காரருக்கு பார்படோஸில் கென்சிங்டன் ஓவல் கிரிக்கெட் மைதானம். பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். 2024 ஜூன் 29 அன்று அதே மைதானத்தில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், இந்தியாவிடம் நாம் 7 ரன்னில் தோற்றோம். மில்லர் அடித்த பந்தைச் சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்தபோது இவர் கண்ணில் தண்ணீர். எந்த அணிக்காக என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.