ஓட்டு வீட்டுக்கு ஏசி பூட்டுமுன்

திருகோணமலையில் அப்பப்பா கட்டிய சுண்ணாம்புச் சுவர் ஓட்டு வீடு, கச்சான் காற்று வீசும் காலத்தில் படுக்கவே முடியவில்லை, நான்கு அறைக்கும் ஏசி பூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம்.

அப்படியான வீட்டில் சூடு பெரும்பாலும் கூரையால்தான் இறங்கும். ஓட்டுக்குக் கீழே, அதில் முட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு அலுமினியத் தாள் அடியுங்கள். மினுங்கும் பக்கம் கீழே பார்க்கட்டும், தூசி படியாது. முகட்டால் சூட்டுக் காற்று வெளியேற வழி விடுங்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று. பகலில் அந்தப் பக்க யன்னல்களைச் சாத்தி, இருட்டியபின் எல்லாவற்றையும் திறந்தால் தடித்த சுவர் இரவில் ஆறும்.

மேசன் சீமெந்து பூசச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். (சொல்லத்தான் செய்வார்.) சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து அதைச் சுவருக்குள் அடைத்துவிடும், அப்புறம் மாரியில் உப்புப் பூத்துப் பூச்சு கழரும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டுமென்றால், சரி, ஒரு படுக்கையறைக்கு மட்டும் சீலிங் அடித்து இன்வேட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவது) பூட்டுங்கள். சீலிங் இல்லாவிட்டால் ஓட்டு இடுக்கால் குளிரெல்லாம் போய்விடும். வெளிப்பெட்டி கடலைப் பார்த்து இருக்கக் கூடாது, உப்புக் காற்று தகடுகளை அரித்துவிடும். இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.