வாசகர் கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு எந்த ரைபிள்?

கேள்வி: ஆபத்துக் காலத்துக்கென வீட்டில் ஒரு ரைபிளும் உரிய உபகரணங்களும் இருக்க வேண்டும் என்று டெக்சாஸில் வசிக்கும் என் தம்பி வற்புறுத்துகிறார். இங்கே எதை வாங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி தம்முடைய ஊருக்குப் பொருத்தமானதையே சொல்கிறார். அங்கே பலர் 5.56 மில்லிமீற்றர் ரவை பாவிக்கும் ஏஆர்-15 வகை ரைபிளைத் தேர்வதற்குக் காரணம், ரவையும் உதிரிப்பாகங்களும் தாராளமாகக் கிடைப்பதும், பின்னுதைப்புக் குறைவென்பதால் பழகுவது எளிதென்பதும்தான். தோள்பட்டி, காதுக்காப்பு, பூட்டக்கூடிய இரும்புப் பெட்டி, முறையான பயிற்சி ஆகியவை குறிபார்க்க ரைபிளில் பொருத்தும் விலையுயர்ந்த தொலைநோக்கியைவிட முக்கியமானவை என்பதை அனுபவசாலிகள் அங்கும் ஒப்புக்கொள்வார்கள்.

இலங்கையிலோ, துப்பாக்கிகள் தொடர்பான 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி ஒன்றை வைத்திருப்பதே குற்றம். கிடைத்த அனுமதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தவிர, ரைபிள் ரவை மரக்கதவைத் துளைத்துக்கொண்டு போகக்கூடியது என்பதால், அடுக்குமாடி வீட்டில் கள்ளனுக்கு வைத்த குறி எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பட இடமுண்டு. ஆகவே, வாங்கவே வேண்டாம் என்பேன்.

கொழும்புக்காரரின் ஆபத்து பெரும்பாலும் தண்ணீராகவே வருகிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குடிநீர், வழமையான மருந்துகள், அழுத்திக் கட்டும் பண்டேஜ், பவர் பேங்க், பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990 ஆகிய இலக்கங்களைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ரோர்ச் லைட்டின் பற்றரிகளைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து, தேவைப்படும் இரவில் எரியாது.