முடிவிலாப் பரிமாணத்தில் எது உடைகிறது? சார்புப் பகுவியல்: கேள்வி பதில்

வகுப்பறைகளில் ‘ஃபங்ஷனல் அனாலிசிஸ்’ என்று சொல்லப்படும் சார்புப் பகுவியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்தும் ஆராய்ந்தும் வருகிறேன். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எழுதுகிறேன். எனக்குப் பிடித்த கேள்வி என்றால் பதில் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, கணிதம் படிக்காதவனுக்கு இந்தத் துறை என்னவென்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். பள்ளியில் ஒரு சார்பை வளைகோடாக வரைந்திருப்பீர்கள். அந்த வளைகோடு முழுவதையும் ஒரே புள்ளியாக எண்ணுங்கள். அப்படிப்பட்ட புள்ளிகள் எல்லாம் கூடியிருக்கும் ஒரு வெளியில் தூரத்தை அளக்கலாம், எந்தப் புள்ளி எதை நோக்கி நெருங்குகிறது என்று கேட்கலாம். ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டுக்குத் தீர்வு தேடுவது அந்த வெளியில் ஒரு புள்ளியைத் தேடுவதாக மாறிவிடுகிறது. இந்த மாற்றம்தான் துறையின் தொடக்கம்.

கேள்வி: முதுநிலை முதலாண்டு மாணவி நான். நேரியல் இயற்கணிதம் நன்றாக வரும். பரிமாணம் முடிவில்லாமல் போவதைத் தவிர இதில் புதிதாக என்ன இருக்கிறது?

எல்லாமே அதிலிருந்துதான் புதிதாகிறது. முடிவிலாத் தொடர்முறைகளை வெக்டர்களாக எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதில் (1, 0, 0, …), (0, 1, 0, …), (0, 0, 1, …) என்று போகும் வெக்டர்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் நீளமும் 1. எந்த இரண்டை எடுத்தாலும் இடையிலுள்ள தூரம் 2-இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. எல்லாம் ஒரே அலகுக் கோளத்துக்குள் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்குவதே இல்லை.

சமதளத்தில் இப்படி நடக்காது. வரம்புக்குட்பட்ட பகுதிக்குள் முடிவில்லாமல் புள்ளிகளைப் போட்டால் எங்காவது அவை குவிந்தே ஆகவேண்டும். இதைத்தான் கச்சிதத் தன்மை என்கிறோம். அலகுக் கோளம் கச்சிதமாக இருப்பது முடிவுள்ள பரிமாணத்தில் மட்டுமே என்பது கணிதவியலாளர் ரிஸ் காட்டிய முடிவு. அந்த ஒரு வசதி போனதும், நீங்கள் நம்பிவந்த பலவும் கூடவே போய்விடும்.

எடுத்துக்காட்டாக, அணியால் பெருக்குவது எப்போதும் தொடர்ச்சியான செயல். முடிவிலாப் பரிமாணத்தில் நேரியல் செயலிகள் (ஒரு வெக்டரை இன்னொரு வெக்டராக மாற்றுபவை; கைப்பேசிச் செயலி அல்ல) தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. 0 முதல் 1 வரையிலான இடைவெளியில் ஒரு மாறியின் 100-ஆம் அடுக்கை வரையுங்கள். அதன் உயரம் 1-ஐத் தாண்டாது. ஆனால் வலது முனையில் சாய்வு 100. அடுக்கை ஆயிரமாக்கினால் சாய்வும் ஆயிரம். அதாவது, வகைக்கெழு காணும் செயல் சிறியதை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிவிடும். இயற்பியலில் மிக முக்கியமான செயலிகள் பலவும் இந்த அடங்காத வகையைச் சேர்ந்தவை.

கேள்வி: பனாக் வெளியில் ‘முழுமை’ என்ற நிபந்தனை எதற்கு? அழகுக்காகச் சேர்த்ததா?

பனாக் வெளி என்பது நீளம் அளக்கக்கூடிய, ஒன்றையொன்று நெருங்கிச் செல்லும் புள்ளிகள் போய்ச்சேரும் இடமும் உள்ளேயே இருக்கும் வெளி. அந்த இரண்டாவது நிபந்தனைதான் முழுமை. அது இல்லாவிட்டால் நிரூபணங்கள் பாதி வழியில் நின்றுவிடும். தொடர்ச்சியான சார்புகளை எடுத்து, இரண்டு சார்புகளுக்கு இடையிலான தூரத்தை அவற்றுக்கு நடுவே அடைபடும் பரப்பால் அளந்து பாருங்கள். 0-விலிருந்து 1-க்கு ஏறும் ஒரு சரிவை மேலும் மேலும் செங்குத்தாக்கிக்கொண்டே போனால், அந்தச் சார்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. அவை போய்ச்சேரும் இடமோ ஒரு படிக்கட்டு. அது தொடர்ச்சியானதல்ல, ஆகவே நம் வெளிக்குள் இல்லை. சமன்பாட்டின் தீர்வைத் தோராயங்களால் நெருங்கிச் செல்கிறவனுக்கு, கடைசியில் அங்கே ஒன்றுமில்லை என்றால் எப்படி இருக்கும்? ஸ்டெஃபான் பனாக் 1920-இல் அளித்து 1922-இல் அச்சான தம் ஆய்வேட்டில் இந்த முழுமையையும் விதிகளுக்குள் சேர்த்தே வெளியை வரையறுத்தார்.

கேள்வி: பாடத்தில் நான்கைந்து பெரிய தேற்றங்கள் வருகின்றன. எதன் பலத்தை முதலில் உணரவேண்டும்?

என் தேர்வு பனாக்–ஸ்டைன்ஹவுஸ் தேற்றம். ஹான்–பனாக் தேற்றத்தைச் சொல்லும் நண்பர்கள் உண்டு, சண்டையில்லை.

தொடர்ச்சியான சார்பு ஒன்றை சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது ஃபூரியே தொடர். அது எல்லாப் புள்ளிகளிலும் ஒருங்குமா, அதாவது ஒரு மதிப்பை நோக்கி நெருங்குமா? ஒருங்காத எடுத்துக்காட்டை 1873-இல் டு புவா-ரேமான் கட்டினார். அது கடினமான கைவேலை. 1927-இல் வெளிவந்த பனாக்–ஸ்டைன்ஹவுஸ் தேற்றம் அதே வேலையைச் சில வரிகளில் முடிக்கிறது. ஒரு புள்ளியில் பகுதிக் கூட்டல் (தொடரின் முதல் சில உறுப்புகளின் கூட்டல்) எடுப்பதை ஒரு செயலியாகப் பாருங்கள். அந்தச் செயலிகளின் அளவு மடக்கை வேகத்தில் வரம்பின்றி வளர்கிறது என்று காட்டினால் போதும். எங்கோ ஒரு சார்பு கட்டாயம் உடைந்திருக்கும். எந்தச் சார்பு என்று சுட்டிக்காட்டாமலேயே அது இருக்கிறது என்று சொல்லிவிட முடிகிறது. முதன்முதலில் படித்தபோது இது எனக்கு ஏமாற்று வேலையாகவே பட்டது. பிறகு 1966-இல் கார்லசன், உடையும் புள்ளிகளை எல்லாம் சேர்த்தாலும் அவற்றின் மொத்த நீளம் 0-வைத் தாண்டாது என்று நிறுவினார். அந்த நிரூபணத்தைச் சில வரிகளில் சுருக்க இன்றுவரை வழியில்லை.

கேள்வி: கணிதப் புதிருக்குப் பரிசாக உயிருள்ள வாத்து கொடுத்தார்களாமே, கட்டுக்கதைதானே?

உண்மைதான். அன்று போலந்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள லிவிவ் நகரில் ‘ஸ்காட்டிஷ் கஃபே’ என்ற காபிக் கடை இருந்தது. பனாக்கும் நண்பர்களும் அங்கே மேசையில் எழுதிய கணக்குகள் அழிந்துபோகாமல் இருக்க, 1935 முதல் ஒரு தடித்த நோட்டில் பதிந்துவைத்தார்கள். அதில் 153-ஆம் புதிரை ஸ்டானிஸ்லாவ் மசூர் 1936 நவம்பர் 6 அன்று எழுதி, தீர்ப்பவருக்கு உயிருள்ள வாத்து என்று அறிவித்தார். நடுவே உலகப்போர் வந்தது. பனாக் 1945-இல் இறந்தார். 1972-இல் சுவீடன்காரர் பெர் என்ஃப்லோ அதைத் தீர்த்தார். மசூரும் வார்சாவில் வாக்குப்படி வாத்தைக் கொடுத்தார்.

வாத்து பிரபலமான அளவுக்குக் கணக்கு பிரபலமாகவில்லை என்பது என் குறை. மசூர் எழுதியது இரு மாறிச் சார்பு ஒன்றைப் பற்றி. அதே கேள்விதான் வேறு உருவில், ‘கச்சிதமான ஒவ்வொரு செயலியையும் (அலகுக் கோளத்தைக் கச்சிதமான கணத்துக்குள் அடக்குவது) முடிவுள்ள பரிமாணச் செயலிகளால் நெருங்க முடியுமா?’ என்று வரும் என்பதைப் பின்னாளில் குரோதெண்டிக் காட்டினார். முடியாத வெளி ஒன்றை என்ஃப்லோ கட்டினார். அடித்தளமே (வெக்டர்களை எல்லாம் கட்டியெழுப்பும் ‘பேஸிஸ்’) இல்லாத பனாக் வெளியும் அதே கட்டுமானத்தில் கிடைத்துவிட்டது.

கேள்வி: உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றியது? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்?

பெரும்பாலும் தவறு செய்கிறேன். நான் இருப்பது செயலிகளின் மாறா உள்வெளிகள் என்ற பகுதியில். ஒவ்வொரு செயலியும் தன் வெளிக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சிறிய வெளியை அதன் எல்லைக்குள்ளேயே வைத்திருக்குமா என்பது கேள்வி.

ஒருமுறை நான்கு மாதம் உழைத்து ஒரு நிரூபணம் எழுதினேன். அதன் எட்டாம் பக்கத்தில் ‘ஆகவே இந்தத் தொடர்முறை ஒருங்குகிறது’ என்று ஒரு வரி. கருத்தரங்கில் பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் கையைத் தூக்கி, “எந்தப் பொருளில் ஒருங்குகிறது, ஐயா?” என்றார். கரும்பலகை முன்னே நின்றபடியே அது சரிந்ததைப் பார்த்தேன். எனக்குக் கிடைத்திருந்தது மெலிந்த ஒருங்கல் மட்டுமே. மேலே சொன்ன (1, 0, 0, …) வரிசை மெலிந்த பொருளில் 0-வை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தால் கடைசியில் எல்லாம் 0. நீளமோ கடைசிவரை 1-ஆகவே நிற்கிறது. முதல் வாரத்தில் நானே கற்பிக்கும் எடுத்துக்காட்டு அது. அந்தக் கட்டுரையில் மிஞ்சியது ஒரு துணைத்தேற்றம் மட்டும்.

கேள்வி: மாறா உள்வெளிப் புதிர் தீர்ந்துவிட்டதா?

எந்த வெளியில் என்று கேட்கவேண்டும். கச்சிதமான செயலிகளுக்கு 1954-இல் அரோன்ஸ்ஜைனும் ஸ்மித்தும் விடை கண்டார்கள். 1973-இல் லோமனோசோவ் மிகச் சிறிய நிரூபணத்தால் அதைவிட நெடுந்தூரம் போய்விட்டார். பொதுவான பனாக் வெளிகளில் விடை ‘இல்லை’ என்று என்ஃப்லோவும் சார்ல்ஸ் ரீடும் எதிர் எடுத்துக்காட்டுகளால் காட்டினார்கள். நீளத்தோடு கோணத்தையும் அளக்கக்கூடிய ஹில்பர்ட் வெளிதான் பிடிகொடுக்கவில்லை. 2023-இல் என்ஃப்லோ ஒரு நிரூபணத்தை முன்வைத்தார். அதை முடிந்த விஷயமாக நான் வகுப்பில் சொல்வதில்லை.

கேள்வி: இதெல்லாம் எதற்குப் பயன்படுகிறது?

குவாண்டம் இயக்கவியலில் நிலையும் உந்தமும் செயலிகள். அவற்றை ஒரு வரிசையில் பெருக்கி, மாற்றிப் பெருக்கி, கழித்தால் ஒரு மாறிலி வரவேண்டும். அவை முடிவுள்ள அணிகளாக இருந்தால், கழித்து வந்ததன் மூலைவிட்டக் கூட்டல் 0. மாறிலிக்கோ அது 0 அல்ல. ஆக, அந்த இயற்பியல் முடிவுள்ள பரிமாணத்தில் அடங்கவே அடங்காது. என் மாணவர்களில் இயற்பியல் படித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எதிர்த்திசையிலும் வரவு உண்டு. காடிசனும் சிங்கரும் 1959-இல் குவாண்டக் கோட்பாட்டை ஒட்டி எழுப்பிய கேள்விக்கு 2013-இல் விடை சொன்ன மார்கஸ், ஸ்பீல்மன், ஸ்ரீவஸ்தவா மூவரும் கணினி அறிவியல் பக்கமிருந்து வந்தவர்கள்.

கேள்வி: படிக்கத் தொடங்குமுன் அளவைக் கோட்பாடு (‘மெஷர் தியரி’) தெரிந்திருக்க வேண்டுமா?

முதல் பாதிக்கு வேண்டாம். நேரியல் இயற்கணிதமும் மெய்யெண் பகுவியலும் உறுதியாக இருந்தால் போதும்.

கேள்வி: நானும் கல்லூரி ஆசிரியர்தான். மாணவர்கள் நிரூபணங்களை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

தொடக்க ஆண்டுகளில் நானும் பொதுவான வெளியிலிருந்தே தொடங்கினேன். பலகை நிரம்பியது, முகங்கள் வெறுமையாக இருந்தன. இப்போது முதல் மூன்று வாரம் தொடர்முறை வெளிகள் மட்டும். சமதளத்தில் மூன்று விதமாக நீளத்தை அளந்து அலகுக் கோளத்தை வரையச் சொல்வேன். ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று முனையில் நிற்கும் சதுரம். தேர்வில் நிரூபணம் கேட்பதைக் குறைத்துவிட்டேன். தேற்றத்திலிருந்து ஒரு நிபந்தனையை அடித்துவிட்டு, ‘இப்போது பொய்யாகும்படி ஓர் எடுத்துக்காட்டுத் தருக’ என்று கேட்கிறேன். முதல் தேர்வில் திட்டுவார்கள்.

கேள்வி: ரிஸ் துணைத்தேற்றத்தில், மூடிய உள்வெளியிலிருந்து ஏதாவது ஓர் அலகு வெக்டரின் தூரத்தை 1-க்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் கொண்டுபோகலாம் என்கிறார்கள். சரியாக 1 என்று ஏன் சொல்லக்கூடாது?

நல்ல இடத்தில் இடறியிருக்கிறீர்கள். 0 முதல் 1 வரையிலான தொடர்ச்சியான சார்புகளில், இடது முனையில் 0 ஆகுபவற்றை மட்டும் வெளியாக எடுங்கள். நீளம் என்பது உச்ச உயரம். அதில் தொகையிடல் 0 வரும் சார்புகள் ஒரு மூடிய உள்வெளி. ஒரு சார்புக்கும் அந்த உள்வெளிக்கும் உள்ள தூரம், அதன் தொகையிடலின் எண்ணளவுதான் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உயரம் 1-ஐத் தாண்டாத சார்பு, தொகையிடலில் 1-ஐ எட்டவேண்டுமானால் முழு இடைவெளியிலும் 1-ஆகவோ −1-ஆகவோ நிற்கவேண்டும். இடது முனையில் அது 0-விலிருந்து ஏறியாகவேண்டும்; அந்தச் சரிவு சிறிது பரப்பைத் தின்றுவிடுகிறது. சரிவைச் செங்குத்தாக்கினால் 0.9, 0.99 என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு தாளில் வரைந்து பாருங்கள். முழுமையைப் பற்றிய கேள்வியில் சொன்ன அதே சரிவுதான் கிடைக்கும்.