இரு நாடுகளின் பூசல் மூன்றாம் நாட்டுக் கைப்பேசியை ஏன் பாதிக்கிறது?

ஒரு பொருள் மூலப்பொருளிலிருந்து கடைக்கு வரும்வரை கடக்கும் நாடுகள், ஆலைகள், கப்பல்கள் ஆகியவற்றின் தொடரையே விநியோகச் சங்கிலி என்கிறோம். ஓர் அரசு தன் நாட்டு நலனை முன்னிறுத்தி ஏற்றுமதியையோ இறக்குமதியையோ கட்டுப்படுத்தும்போது, அத்தொடரில் ஒரு கண்ணி இறுகுகிறது.

2019 ஜூலையில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் கொரியரிடம் வாங்கிய கட்டாய உழைப்புக்கான இழப்பீடு குறித்த தென்கொரிய நீதிமன்றத் தீர்ப்பால் உறவு கசந்திருந்த வேளையில், சில்லு, திரை தயாரிப்புக்குத் தேவையான ஹைட்ரஜன் புளோரைடு உள்ளிட்ட மூன்று வேதிப்பொருள்களைத் தென்கொரியாவுக்கு அனுப்புவதற்கான விதிகளை ஜப்பான் கடுமையாக்கியது. பாதுகாப்பே காரணம் என்றது ஜப்பான். பழிவாங்கல் என்றது கொரியா. கைப்பேசிகளிலும் கணினிகளிலும் தரவைச் சேமிக்கும் நினைவகச் சில்லுகளில் உலகின் பெரும்பங்கைத் தயாரிக்கும் தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் நிறுவனங்கள் திகைத்தன. அந்நிறுவனங்களுக்குத் தேவையான அளவு தூய்மையுடன் இவ்வேதிப்பொருள்களைத் தயாரிப்போர் மிகச் சிலரே, அவர்களுள் பெரும்பாலோர் ஜப்பானியர். அரிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் புளோரைடை நெடுநாள் சேமிப்பதும் கடினம்.

குடம் நிறையப் பால் இருந்தும், பக்கத்து வீட்டார் தரும் ஒரு கரண்டி உறைமோர் இல்லாவிட்டால் தயிர் கிடைக்காது. நிலைமை அப்படித்தான் இருந்தது. கொரியா தானே உறை தயாரிக்க முனைந்தது. ஜப்பானிய நிறுவனங்களும் நெடுநாள் வாடிக்கையாளரிடம் விற்பனையை இழந்தன. இந்த இரண்டாவது இழப்பே பேசப்பட வேண்டியது என்பது என் கருத்து. 2023 மார்ச்சில் கட்டுப்பாடுகள் நீங்கின.

ஜப்பான் ஏற்றுமதியைத் தடை செய்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல சரக்குகளுக்கும் சேர்த்து ஒரே முறை தரும் அனுமதியை நீக்கி, ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி கேட்க வைத்தது, அவ்வளவே.